உயிரைக் காக்கும் உருண்டை மூட்டு!

பாறை மீது ஏறும் ஜீப்புகளின் கதை

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், ஒரு மலைப்பாதை இருக்கிறது. அதற்கு "ரூபிகான் பாதை" என்று பெயர். பெயர்தான் பாதை. உண்மையில் அது ஒரு பாறைக் குவியல்! அதன் நீளம் சுமார் 35 கிலோமீட்டர்தான். ஆனால் அதைக் கடந்து போக ஜீப்புக்கு ஒரு நாள் முழுவதும் ஆகிவிடும். பலர் நடுவழியில் கூடாரம் அடித்துத் தங்கி, மறுநாள் புறப்படுவார்கள்.

1953-ம் ஆண்டில் 55 ஜீப்புகளில் 155 பேர் இந்தப் பாதை வழியாகக் கூட்டமாகப் போனார்கள். பிறகு அது ஆண்டுதோறும் நடக்கும் விழாவாகிவிட்டது. அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்.

வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால், ஞாயிற்றுக்கிழமை பாறையில் ஏறிய அதே ஜீப், திங்கட்கிழமை நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும். பின் சீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். பாறையில் அடிபட்ட ஏதாவது ஒரு மூட்டு அங்கே கழன்று விழுந்தால்?

தோள்பட்டை போல!

உங்கள் கையை நீட்டுங்கள். மேலே தூக்குங்கள். கீழே இறக்குங்கள். வட்டமாகச் சுற்றுங்கள். எல்லாப் பக்கமும் திரும்புகிறது அல்லவா? தோள்பட்டையில் ஒரு கிண்ணம் போன்ற குழி இருக்கிறது. அதில் கை எலும்பின் உருண்டையான தலை உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் கை இப்படிச் சுற்றுகிறது.

ஜீப்பின் சக்கரத்துக்கும் இதே ஏற்பாடுதான். சக்கரம் மேலும் கீழும் குதிக்க வேண்டும். இடமும் வலமும் திரும்ப வேண்டும். ஆகவே ஓர் இரும்பு உருண்டையைக் கிண்ணத்துக்குள் வைத்து மூட்டு செய்கிறார்கள். அதன் பெயர் "பால் ஜாயிண்ட்". உருண்டை நெல்லிக்காய் அளவில் இருக்கும். சில மூட்டுகளில் எலுமிச்சம்பழ அளவு. அவ்வளவுதான்! டிரைவர் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்புவது இந்தச் சிறு உருண்டைகளை நம்பித்தான்.

ஏன் மாற்றுகிறார்கள்?

பாறை ஏறும் ஜீப்புக்குக் கம்பெனி வைத்த மூட்டு போதுவதில்லை. ஏன்?

பாறை இடிக்காமல் இருக்க, ஜீப்பின் உடலை 10 சென்டிமீட்டர் வரை உயர்த்துகிறார்கள். பெரிய டயர் மாட்டுகிறார்கள். பெரிய டயர் என்றால் எடை அதிகம். அது பாறையில் மோதும்போது மூட்டில் விழும் அடியும் அதிகம். உடலை உயர்த்தியதால் கம்பிகள் சாய்ந்து நிற்கும். அவற்றின் முனையில் உள்ள ரப்பர் புஷ் முறுக்கிக் கிழிந்துவிடும்.

அதனால் வெளிக் கம்பெனிகள் செய்யும் கனமான மூட்டுகளை வாங்கி மாட்டுகிறார்கள். இவற்றில் முக்கியமானவை இரண்டு வகை. ஒன்றுக்கு "ராடு எண்டு" என்று பெயர். வளையத்துக்குள் ஓர் உருண்டை. நடுவில் போல்ட்டுக்கு ஓட்டை. இன்னொரு வகையில், உருண்டையைச் சுற்றிக் கெட்டியான பிளாஸ்டிக் கிண்ணம் இருக்கும். தேய்ந்து போனால் கிண்ணத்தை மட்டும் மாற்றலாம். மூட்டு முழுவதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

விமானத்தில் இருந்து வந்தது!

ராடு எண்டுக்கு ஒரு கதை உண்டு. இரண்டாவது உலகப் போரின்போது பிரிட்டிஷார் ஒரு ஜெர்மன் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். அதைப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே இந்த மூட்டு இருந்ததாம். அமெரிக்காவில் ஹெய்ம் கம்பெனியும், பிரிட்டனில் ரோஸ் கம்பெனியும் அதைச் செய்யத் தொடங்கின. அதனால்தான் அதே மூட்டை அமெரிக்கர்கள் "ஹெய்ம் ஜாயிண்ட்" என்கிறார்கள். பிரிட்டிஷார் "ரோஸ் ஜாயிண்ட்" என்கிறார்கள்.

முதல் எதிரி சேறு

மூட்டைக் கொல்வது பாறை மட்டும் அல்ல. சேறும் தண்ணீரும்தான் பெரிய எதிரிகள்.

பால் ஜாயிண்டின் மேல் ஒரு ரப்பர் உறை இருக்கும. அது கிழிந்தால் போதும். உள்ளே மணல் புகுந்துவிடும். தண்ணீர் கிரீசைக் கழுவிக்கொண்டு போகும். பிறகு உருண்டையும் கிண்ணமும் அம்மியும் குழவியும் போல ஒன்றையொன்று அரைக்கும். ஆகவே, பயணம் முடிந்து வந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு, முதலில் ரப்பர் உறையைப் பார்க்க வேண்டும்.

கிரீஸ் நிப்பிள் உள்ள மூட்டுக்கு, கிரீஸ் கன்னால் புதுக் கிரீஸ் ஏற்ற வேண்டும். நிப்பிளை முதலில் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் வாயில் உள்ள மண்ணையும் நாமே உள்ளே தள்ளுவோம்! உறை லேசாக உப்பியதும் நிறுத்திவிட வேண்டும். மேலும் அழுத்தினால் உறை வெடித்துவிடும்.

எல்லா மூட்டுக்கும் கிரீஸ் வைக்கலாமா? கூடாது! சில ராடு எண்டுகளின் உள்ளே டெப்லான் உறை இருக்கும். அதற்குக் கிரீஸ் வேண்டாம். வைத்தால் மணல் அதில் ஒட்டிக்கொண்டு மூட்டை அரைத்துவிடும். தண்ணீர் விட்டுக் கழுவி உலர விட்டாலே போதும். எந்த மூட்டுக்கு என்ன வேண்டும் என்பதை வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மரண ஆட்டம்

நெடுஞ்சாலையில் ஜீப் போகிறது. சக்கரம் ஒரு சிறு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. உடனே முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமும் படபடவென்று அடித்துக்கொள்கின்றன. ஸ்டீயரிங் கையை உதறுகிறது. வண்டி முழுவதும் நடுங்குகிறது!

அமெரிக்க டிரைவர்கள் இதற்கு "மரண ஆட்டம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் ஒரே அச்சு உள்ள ஜீப்புகளில் இது வருகிறது. அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் கம்பியின் புஷ் தேய்ந்திருக்கலாம். போல்ட் தளர்ந்திருக்கலாம். பால் ஜாயிண்ட் ஆட்டம் கண்டிருக்கலாம்.

சிலர் ஸ்டீயரிங் டேம்பரை மட்டும் புதிதாக மாட்டிவிட்டு, "சரியாகிவிட்டது" என்று சொல்வார்கள். அது தவறு. நோய் உள்ளே இருக்க, வலியை மட்டும் மறைக்கும் வேலை அது. சில நாளில் ஆட்டம் திரும்பவும் வரும்.

ஆட்டம் வந்துவிட்டால் பதறக்கூடாது. ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடியுங்கள். வேகத்தை மெல்லக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள்.

பத்து நிமிடச் சோதனை

இதற்கு இரண்டு பேர் போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, டயர்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிதளவு ஆட்ட வேண்டும். மற்றவர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். கம்பி நகர்ந்த பிறகு தாமதமாக நகரும் மூட்டு தேய்ந்த மூட்டு. "டக்" என்று சத்தம் கேட்டால் நிச்சயம் பழுதுதான்.

பிறகு ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பால் ஜாயிண்டிலோ, சக்கரத்தின் பேரிங்கிலோ கோளாறு. இரு பக்கமும் பிடித்து ஆட்டும்போது ஆடினால், ஸ்டீயரிங் கம்பியின் முனையைப் பார்க்க வேண்டும்.

புது மூட்டு மாட்டினால், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டுகளையும் மறுபடி முடுக்க வேண்டும். நட்டின் மீதும் அதன் பக்கத்திலும் சேர்த்து பெயிண்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகி இருந்தால் நட்டு சுழன்றுவிட்டது என்று பொருள்!

நட்டில் செருகும் ஸ்பிலிட் பின்னை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தக்கூடாது. ஓட்டை நேராக வரவில்லை என்று நட்டைத் தளர்த்தவும் கூடாது. இன்னும் கொஞ்சம் முடுக்கித்தான் நேராக்க வேண்டும்.

நம் ஊரிலும்...

1947-ம் ஆண்டிலேயே மகிந்திரா கம்பெனி நம் நாட்டில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. தேனி மாவட்டத்தில் உள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு, கேரளாவில் உள்ள சூரியநெல்லியில் இருந்து கரடுமுரடான பாதையில் ஜீப்புகள் ஏறுகின்றன. அந்த ஜீப்புகளிலும் ஸ்டீயரிங் கம்பியின் முனையில் இருப்பது இதே உருண்டை மூட்டுதான்.

மலைக்குப் போகும் குடும்பத்தினர் டிரைவரிடம் வேகமாகப் போகச் சொல்லாதீர்கள். புறப்படும் முன்பு அவர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால், "நேரமாகிறது" என்று அவசரப்படுத்தாதீர்கள். அவர் பார்ப்பது மூட்டை மட்டும் அல்ல. உங்கள் பிள்ளைகளின் உயிரையும்தான்!