படம் அழிந்தாலும் பெயர் நிற்க வேண்டும்: திரைப்படப் பட்டியல் எதற்கு?

கேமரன் மலை, கம்போங் ராஜா வட்டாரத் தோட்டங்களில் பெரியவர்களிடம் பழைய படங்களைப் பற்றிக் கேட்டால் கதையும் பாட்டும் தடையின்றி வரும். எந்த ஆண்டு வந்தது, யார் இயக்கியது என்று கேட்டால்தான் வாக்குவாதம் தொடங்கும். அதைத் தீர்த்து வைப்பது 'ஃபிலிமோகிராபி' எனப்படும் திரைப்படப் பட்டியல்.

ஒரு நடிகரோ இயக்குநரோ பங்கேற்ற எல்லாப் படங்களையும் ஆண்டு வரிசையில் எழுதுவதே இது. படத்தின் பெயர், ஆண்டு, மொழி, இயக்குநர், அவர் செய்த வேலை ஆகியவை அதில் இருக்கும். ஒரு மொழிக்கோ நாட்டுக்கோ கூட இப்படிப் பட்டியல் எழுதலாம்.

'பில்லா' என்று மட்டும் சொன்னால் போதாது. ரஜினிகாந்த் நடித்து, ஆர். கிருஷ்ணமூர்த்தி இயக்கியது 1980இல் வந்தது. அஜித் நடித்து, விஷ்ணுவர்தன் இயக்கியது 2007இல் வந்தது. மலேசியாவில் படமாக்கப்பட்டது இந்த இரண்டாவது 'பில்லா'.

தமிழ்நாட்டில் இந்த வேலையை ஆயுள் முழுவதும் செய்தவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். அவர் திரட்டிய தகவல்கள் 2004இல் 'சாதனைகள் படைத்த தமிழ் திரைப்பட வரலாறு' என்ற நூலாயின. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931இல் வெளியானது. அதன் பிரதி இன்று இல்லை. இயக்கியவர் எச். எம். ரெட்டி, நாயகி டி. பி. ராஜலட்சுமி என்ற விவரங்கள் மறையாமல் இருப்பது இத்தகைய பதிவுகளால்தான்.

நம் நாட்டுப் பட்டியல்களிலும் நாம் அறிய வேண்டியவை உண்டு. பி. ரம்லி முதன்முதலில் கதாநாயகனாக நடித்த 'பக்தி' (1950) என்ற மலாய்ப் படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர். ரப்பர் தோட்ட வாழ்க்கையைக் காட்டிய 'செம்மண் சாலை'யை 2005இல் தீபக் குமரன் மேனன் இயக்கினார். சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015இல் வெளிவந்து, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படத்துக்கான விருதைப் பெற்றது.

பெரிய பெயர்கள் எப்படியும் நிலைத்துவிடும். சிறு வேடம் ஏற்றவர், ஒலிப்பதிவு செய்தவர், ஒப்பனை செய்தவர் ஆகியோரின் பெயர்கள்தான் முதலில் மறைகின்றன.

உள்ளூர்க் குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் இதை இன்றே தொடங்கலாம். படம் முடிந்ததும் வேலை செய்த அனைவரின் பெயரையும் ஆண்டோடு எழுதி வைக்க வேண்டும். ஒருவர் பெயரைத் தமிழிலும் ரூமியிலும் எப்போதும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆள் பிற்காலத்தில் இரண்டு பேராகத் தெரிவார். நினைவை மட்டும் நம்பாமல், திரையில் ஓடும் பெயர் வரிசையைப் பார்த்து எழுதுவதே நல்லது.