பண்ணை இயந்திரங்கள்: பழகிய கையை நம்பலாமா?

ஆடிப்பட்டத்தில் விதைத்த மானாவாரி நிலக்கடலை ஐப்பசியில் பறிப்புக்கு வந்துவிடும். செங்கம், கலசபாக்கம், போளூர் வட்டாரங்களில் முன்பெல்லாம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து செடியிலிருந்து காய் பறித்தார்கள். கூலியாள் கிடைப்பது அரிதாகிவிட்ட இந்நாளில் டிராக்டருடன் இணைத்து ஓட்டும் காய் பறிக்கும் இயந்திரம் களத்துக்கு வருகிறது. களையெடுக்கப் பவர் வீடர், வரப்புப் புதரை வெட்டப் பிரஷ் கட்டர், மாட்டுக்குத் தீவனம் நறுக்க மோட்டார் வைத்த புல் நறுக்கும் இயந்திரம் என்று சிறு விவசாயியின் வீட்டிலும் இரண்டொரு இயந்திரங்கள் சேர்ந்துவிட்டன. அரசு மானியமும் இதற்கு உதவியிருக்கிறது.

இயந்திரத்தோடு ஒரு சிறு புத்தகமும் வருகிறது. எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் அது எரவாணத்தில் செருகப்பட்டு அங்கேயே மக்கிப் போகிறது. அதில் உள்ளதைக் களத்தில் எடுத்துச் சொன்னால் வரும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "இருபது வருஷமா ஓட்டறோம் ஐயா, எங்களுக்குத் தெரியாதா?"

இந்தப் பதிலை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. எந்த மண் எப்போது உழவுக்குப் பதமாகும், எந்தச் செடி தண்ணீர் கேட்கிறது, கதிர் அடிக்கும் அளவுக்குக் காய்ந்துவிட்டதா என்பவற்றில் விவசாயியின் கணிப்புக்கு ஈடாக எந்தப் புத்தகமும் இல்லை. ஆனால் அந்தக் கணிப்பு எப்படி வந்தது என்று சற்று யோசித்துப் பாருங்கள். ஒரு வருடம் முன்கூட்டி உழுது கட்டி விழுந்தது. மறு வருடம் திருத்திக்கொண்டோம். இலை வாடியதைக் கண்டு தண்ணீர் விட்டோம். நிலமும் பயிரும் முதலில் அடையாளம் காட்டுகின்றன, பிறகுதான் நட்டம் தருகின்றன. அந்த நட்டமும் அடுத்த பருவத்தில் ஈடு செய்யக்கூடியது. சுழலும் தண்டு இப்படி எந்த அடையாளமும் காட்டுவதில்லை. அது கற்றுக்கொடுக்கும் முதல் பாடத்திலேயே விரலோ கையோ போய்விடுகிறது. ஆகவே இயந்திர விஷயத்தில் சொந்த அனுபவத்தைக் கொண்டு மட்டும் கணிப்பை வளர்த்துக்கொள்ள வழியில்லை. கையை இழந்த மற்றவர்களின் அனுபவத்தைத்தான் விதி என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

கணக்குப் பார்ப்போம்

டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். அதாவது விநாடிக்கு 9 சுற்று. மூன்று அங்குல விட்டமுள்ள தண்டு ஒரு சுற்றில் சுமார் ஒன்பதரை அங்குலத் துணியைச் சுருட்டும். அந்தக் கணக்கில் விநாடிக்கு ஏழு அடி. நான்கு முழ வேட்டியின் நீளமே ஆறு அடிதான். வேட்டியின் நுனி தண்டில் பட்டால், முழு வேட்டியும் அதில் சுற்றிக்கொள்ள ஒரு விநாடிகூட ஆகாது. புடவை முந்தானையும் தோளில் போட்ட துண்டும் அப்படியே. எதிர்பாராத ஒன்றைக் கண்ணால் கண்டு கையை இழுத்துக்கொள்ள மனிதனுக்குக் கால் விநாடி முதல் முக்கால் விநாடி வரை தேவைப்படுகிறது. கை அசையத் தொடங்குமுன் தண்டு இரண்டு சுற்றாவது சுற்றி முடித்திருக்கும். "ஜாக்கிரதையாக இருப்பேன்" என்பவரின் ஜாக்கிரதை இங்கே நேரத்துக்கு வந்து சேராது. தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை போட்டு அனுப்புவது இதற்காகத்தான். கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று அந்த உறையைக் கழற்றி வீசிவிட்டு ஓட்டும் வண்டிகளே கண்ணில் அதிகம் படுகின்றன.

இன்னொரு கணக்கும் உண்டு. கதிரடிக்கும் இயந்திரத்தில் நிமிடத்துக்குப் பன்னிரண்டு அரி வீதம் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரத்தில் 5,760 தடவை கை உள்ளே போய் வருகிறது. பத்தாயிரம் தடவைக்கு ஒரே ஒரு முறைதான் கவனம் பிசகும் என்றால் அவர் மகா திறமைசாலி. அந்த மகா திறமைசாலிக்கும் இரண்டு நாளைக்கு ஒரு முறை பிசகும். பிசகும்போதெல்லாம் விபத்து நேர்வதில்லை. அப்படித் தப்பிய நாட்களைத்தான் நாம் இருபது வருட அனுபவம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

வடக்கே இந்தக் கணக்கு மெய்யாகவே நடந்து முடிந்தது. பசுமைப் புரட்சிக்குப் பிறகு பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் கோதுமை விளைச்சல் பெருகியது. 1970-களில் விசையால் ஓடும் கதிரடிக்கும் இயந்திரங்கள் ஊர் ஊராகப் பரவின. மழைக்கு முன் அடித்துத் தீர்க்க வேண்டும் என்ற அவசரத்தில் இரவு பகலாக வேலை நடந்தது. தூக்கம் கெட்டுக் கதிர் போட்டவர்கள் ஏராளமாகக் கை இழந்தனர். அதன் பிறகே அன்றைய இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1979-இல் ஐ.எஸ். 9020 என்ற பாதுகாப்புத் தரத்தை வகுத்தது. 1983-இல் நாடாளுமன்றம் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றி, காயமுற்ற தொழிலாளிக்கு இழப்பீடு கிடைக்கவும் வகை செய்தது.

அந்தத் தரத்தில் சொல்லியிருப்பதை நம் ஊர் அளவில் சொன்னால் எளிதில் மனதில் நிற்கும். கதிரைத் தள்ளிவிடும் தகர வாய் குறைந்தது 90 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். அதில் 45 சென்டிமீட்டர் மேலே மூடியிருக்க வேண்டும். அதாவது இரண்டு முழ நீளம், அதில் ஒரு முழம் மூடி. முழம் என்பதே முழங்கையிலிருந்து விரல் நுனி வரையுள்ள அளவுதானே? அவ்வளவு நீள வாயின் முனையில் நிற்பவர் கையை முழுதும் நீட்டினாலும் உள்ளே சுழலும் உருளை எட்டாது. அதற்காகவே அந்த அளவு. "வாய் நீளமாக இருந்தால் வேலை ஓடவில்லை" என்று பட்டறையில் கொடுத்து வெட்டிக் குறைத்துக்கொள்பவர்கள் வெட்டுவது தகரத்தை மட்டுமல்ல. கதிரடிக்கும் இயந்திரத்தை வாடகைக்கு அமர்த்தும்போது முதல் வேலையாக அந்த வாயைக் கையால் முழம் போட்டுப் பாருங்கள். ஒன்றரை முழம்தான் இருக்கிறது என்றால் வேறு வண்டி பார்ப்பது நல்லது.

இங்கே மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். "ஒன்றும் ஆகாது" என்று முடிவு செய்பவர் ஒருவர். இயந்திரத்தின் வாயருகே நிற்பவர் வேறொருவர். காய் பறிக்கும் இயந்திரத்தில் செடி போடுவது பெரும்பாலும் கூலிக்கு வந்த பெண்கள். தகர வாய் வேண்டாம், உறை வேண்டாம் என்று தீர்மானிக்கையில் அவர்களை யாரும் கேட்பதில்லை. தன் உடம்பைத் தன் கணிப்புக்கு ஒப்புக்கொடுக்க ஒருவருக்கு உரிமை இருக்கலாம். பிறர் கையை அப்படி ஒப்புக்கொடுக்க நமக்கு உரிமை கிடையாது. முந்தானையை இடுப்பில் இறுகச் செருகி, பின்னலை முடிந்து, மேலே ஒரு முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சட்டையின் கை தொளதொளவென்று தொங்கக்கூடாது. சட்டையை இயந்திரக்காரரே வாங்கி வைத்தால் என்ன? நான்கு சட்டை ஒரு நாள் டீசல் செலவுக்கு வராது.

வீட்டில் உள்ள இயந்திரங்கள்

பவர் வீடரின் கைப்பிடியில் ஒரு லீவர் இருக்கும். அதைப் பிடித்திருக்கும் வரை கத்திகள் சுழலும். கையை விட்டால் நின்றுவிடும். நாள் முழுக்கப் பிடித்தால் கை கடுக்கிறது என்று அதைக் கயிற்றாலோ பழைய டியூப் ரப்பராலோ கட்டிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கட்டியபின் கால் இடறி விழுந்தால் இயந்திரம் நிற்காது. பின்னோக்கி எடுக்கும்போது இது மிகவும் அபாயம்: ஓட்டுபவர் கல்லிலோ பாத்தி வரப்பிலோ தடுக்கி விழ, சுழலும் கத்தி அவர் கால் மீதே ஏறி வரும். கை கடுத்தால் அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி இளைப்பாறலாம், அல்லது ஆள் மாற்றிக்கொள்ளலாம். கத்தியில் கோரையும் அறுகும் சுற்றிக்கொண்டால் என்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். ஒயரைக் கழற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது.

பிரஷ் கட்டரில் பத்து அங்குல இரும்புத் தட்டு நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றுவதாகக் கொண்டால் அதன் விளிம்பு மணிக்கு 280 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் ஓடுகிறது. நம் மாவட்டத்து நிலம் கல் நிலம். அந்த விளிம்பில் பட்ட சரளைக்கல் எங்கே போய் விழும் என்று யாராலும் கணிக்க முடியாது. ஐம்பது அடிக்குள் வேறு ஆள் நிற்கக்கூடாது என்ற விதி அதனால் வந்ததே. கண்ணாடி முகமூடி வியர்வையில் மங்கிப் போகிறது என்பது நியாயமான குறை. கம்பி வலை முகமூடி கிடைக்கிறது. அது மங்காது, காற்றும் வரும். ஆனால் வலைக்குள் பொடித் தூசு நுழையும் என்பதால் உள்ளே ஒரு சாதாரணக் கண்ணாடியும் அணிவது நல்லது.

புல் நறுக்கும் இயந்திரத்தைப் பற்றி டில்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தினேஷ் மோகன் குழுவினர் ஆராய்ந்தனர். காயமுற்றவர்களில் சிறுவர்கள் பலர். பெரியவர்கள் வேலை செய்யும்போது உதவிக்கு நின்ற பிள்ளைகளும், யாருமில்லாதபோது சக்கரத்தைச் சுற்றி விளையாடிய பிள்ளைகளும் விரல் இழந்தார்கள். தீவனம் உள்ளே போகும் வழியில் கை நெருங்குவதை உணர்த்தும் ஓர் உருளை, கத்திக்கு ஒரு மறைப்பு, வேலை முடிந்ததும் சக்கரத்தைப் பூட்டிவைக்க ஓர் ஆணி ஆகிய எளிய மாற்றங்களை அவர்கள் வகுத்தார்கள். சக்கரப் பூட்டை உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். மோட்டார் வைத்த இயந்திரமானால் வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி வைத்தாலே பாதி ஆபத்து போயிற்று.

விதி பொருந்தாத இடம்

எல்லா விதியையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றச் சொல்லவில்லை. விதியின் காரணம் தெரிந்தால் எங்கே அது பொருந்தாது என்பதும் தெரிந்துவிடும். கையுறை போடுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். பிரஷ் கட்டருக்கும் மருந்து தெளிப்புக்கும் அது சரி. சுழலும் உருளைக்கும் பெல்ட்டுக்கும் அருகே கையுறை கூடாது. அதன் நுனி சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். சித்திரை வெயிலில் முழு உடையும் முகமூடியும் போட்டுக்கொண்டு மருந்தடிக்க முடியாது என்றால், உடையைக் கழற்றுவதைவிட நேரத்தை மாற்றுவதே புத்திசாலித்தனம். விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும், வேலையும் எளிது. இன்றைக்கு இந்தச் சரிவில் வண்டி ஏறுமா, இந்த ஈரத்தில் கதிரடித்தால் அடைத்துக்கொள்ளுமா, இந்த ஆள் நேற்றிரவு தூங்கினாரா என்பவை எல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவற்றைக் கணிக்க வேண்டியவர் விவசாயிதான். என்ஜினை முடுக்குமுன் எவ்வளவு வேண்டுமானாலும் யோசிக்கலாம். முடுக்கிய பின் யோசிக்க அவகாசம் இல்லை.

கணிப்பு முழுதும் ஏமாந்து போகும் ஓர் இடம் நம் கிணறுகள். கோடையில் நீர் மட்டம் இறங்கியதும் சிறிய பெட்ரோல் அல்லது டீசல் என்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுகிறார்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இறங்குமுன் லாந்தரை விட்டுப் பார்ப்பது நம் முன்னோர் வழக்கம். பிராணவாயு மிகவும் குறைந்திருந்தால் சுடர் அணையும். அந்த மட்டில் அது நல்ல சோதனை. ஆனால் உயிரைக் கொல்லும் அளவுக்குக் கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் சுடர் நன்றாகவே எரியும். விளக்கு எரிகிறதே என்று இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழ, ஒரே கிணற்றில் இரண்டு மூன்று உயிர் போவது இப்படித்தான். என்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கக் கூடாது என்ற விதிக்கு விலக்கே கிடையாது. மேலே வைத்து இறைக்க முடியாத ஆழமானால் நீர்மூழ்கி மின் மோட்டார்தான் வழி. உள்ளே ஒருவர் மயங்கிவிட்டால் தீயணைப்புத் துறையை அழையுங்கள். மூச்சுக் கருவி இல்லாமல் வேறு யாரும் இறங்க வேண்டாம்.

விபத்துக் காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. 2015-இல் தொடங்கிய பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள் வங்கிக் கணக்கு மூலம் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய்தான். விபத்தில் இறந்தால் 2 லட்சமும், ஒரு கையோ காலோ ஒரு கண்ணின் பார்வையோ போனால் 1 லட்சமும் கிடைக்கும். ஒரு விரல் போனதற்கு அதில் தொகை இல்லை. பால் கறக்கிறவருக்குக் கட்டை விரல் போவது என்ன நட்டம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்படியும் விபத்து நேர்ந்துவிட்டால், முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள். சிக்கிய கையை வெடுக்கென்று இழுக்க வேண்டாம். உருளையைக் கையால் பின்னோக்கிச் சுழற்றியோ போல்ட்டைக் கழற்றியோ விடுவிக்க வேண்டும். காயத்தின் மேல் காப்பித் தூள், மஞ்சள், கிரீஸ் எதையும் அப்பக்கூடாது. சுத்தமான துணியை வைத்து அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடியுங்கள். துண்டான விரலைத் தூக்கி எறியாதீர்கள். ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்து உடன் கொண்டு செல்ல வேண்டும். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது. மணிக்கட்டுக்கு மேலே துண்டாகியிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சைக்குப் போய்ச் சேர வேண்டும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. திருவண்ணாமலையிலிருந்து ஏறக்குறைய 190 கிலோமீட்டர். எனவே 108-ஐ அழைக்கும்போதே துண்டான பாகம் பத்திரமாக இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுங்கள். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலுதவி முடிந்ததும் மேலே அனுப்புவதைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் நேரம் வீணாகாமல் முடிவு செய்ய அது உதவும்.