கிடாய் வாட்டசாட்டம், குட்டி மட்டும் ஏன் நோஞ்சான்?

தெல்லிப்பழையில் வீட்டோடு ஆடு வளர்ப்பவர் நல்ல கிடாயை எப்படித் தேடுவார்? உயரம், தொங்கு காது, மினுங்கும் மயிர். ஆனால் அதற்குள் ஒளிந்திருக்கும் பரம்பரைக் குறை கண்ணுக்குத் தெரியாது. ஏன்?

மரபணுக்கள் சோடியாக வருகின்றன: ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. ஒரு வீட்டில் இரண்டு ஈர்க்குமாறு இருப்பதாக நினையுங்கள். ஒன்று உடைந்தாலும் மற்றதால் முற்றம் கூட்டலாம்; வெளியே யாருக்கும் தெரியாது. இரண்டும் உடைந்தால்? குப்பை சேரும்.

நூபியன் ஆடுகளில் காணப்படும் ‘ஜி6எஸ்’ குறைபாடு அப்படிப்பட்டதுதான். யாழ்ப்பாணத்தாருக்குப் பழக்கமான ஜமுனாபாரியும் அந்த ஆடுகளின் முன்னோரில் உண்டு. இக்குறை உள்ள குட்டியின் உடலில் உயிரணுக் கழிவை உடைக்கும் நொதி ஒன்று உருவாவதில்லை. கழிவு தேங்கித் தேங்கி, குட்டி வளர்ச்சி குன்றி, தசை தளர்ந்து, இளமையிலேயே செத்துவிடக்கூடும். இத்தனைக்கும் காரணம், மரபணுவில் மாறிப்போன ஒரே ஓர் எழுத்து.

ஓர் ஈர்க்குமாறு மட்டும் உடைந்த ஆடே ‘காவி’. இரண்டு காவிகள் சேர்ந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வரும் வாய்ப்பு 4இல் 1. காவிக் கிடாயின் மகள்மாரும் காவிகளாக இருக்கலாம்; ஒரே கிடாயை அதன் மகள்மாருக்கும் விடும்போது ஆபத்து கூடுவது இதனால்தான்.

கண்டுபிடிப்பது எப்படி? வேரோடு பிடுங்கிய சில மயிர், அல்லது சிறிது இரத்தம் போதும். ஆய்வுகூடத்தில் அந்த மரபணுத் துண்டைப் பல படிகளாகப் பெருக்கி, எழுத்தைப் படிப்பார்கள். நல்ல எழுத்தும் மாறிய எழுத்தும் சேர்ந்து தெரிந்தால் அது காவி.

காவியை ஒதுக்கிவிடத் தேவையில்லை. குறையற்ற இணையோடு சேர்த்தால் இந்த நோயுள்ள குட்டி பிறக்காது. பாதிக் குட்டிகள் காவியாகலாம், அவ்வளவுதான். நூபியன் கலப்புக் கிடாய் வாங்கும்போது, சோதித்த சான்று உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.