மனநோயும் ஆண் பெண் வேற்றுமையும்

உடல்நோயை மறைப்பவர் சிலர். மனநோயை மறைப்பவரோ பலர். அந்நோய் ஆடவரையும் மகளிரையும் ஒரே வகையில் தாக்குவதில்லை என்பதை நம் குடும்பங்கள் அறிதல் வேண்டும்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழகமும் கேரளமும் உட்பட 12 மாநிலங்களில் பேராய்வொன்று நடத்தியது. வயது வந்த ஆடவரில் 13.9 விழுக்காட்டினரிடமும், மகளிரில் 7.5 விழுக்காட்டினரிடமும் மனநலக் குறை காணப்பட்டது. இதனைக் கண்டு, மகளிர் நலமாகவே உள்ளனர் என முடிவு கட்டலாகாது. ஆடவர் கணக்கை உயர்த்தியதில் குடிப்பழக்கத்திற்குப் பெரும்பங்கு உண்டு. மனச்சோர்வும் பதற்றமும் மகளிரிடமே மிகுதி. நோய்களைத் தனித்தனியே பிரித்து எண்ணியபோதே இவ்வுண்மை புலப்பட்டது.

டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தார், மனச்சிதைவு நோயுற்று மணவாழ்வும் முறிந்த பெண்களை ஆராய்ந்து, 2003இல் கட்டுரை வெளியிட்டனர். நோயின் பழியைக் காட்டிலும் 'வாழாவெட்டி' என்னும் பழியே அவர்களையும் அவர்தம் குடும்பத்தாரையும் மிகுதியாக வருத்தியது என அவர்கள் கண்டனர். நோயுற்ற ஆடவரை மட்டும் ஆராய்ந்திருந்தால் இத்துயர் வெளிப்பட்டிராது.

வடகரப்பதியிலும் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம்மவர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. ஓயாத தலைவலி, உறக்கமின்மை எனப் பெண்கள் முறையிடுங்கால், அதன் பின்னே மனச்சோர்வு இருக்கக்கூடும். ஆடவரின் குடியும் வெறும் ஒழுக்கக்கேடு அன்று. மருத்துவம் வேண்டும் நிலை. மனத்துயரைத் தாய்மொழியிலேயே கூற விரும்புவோர்க்கு, மத்திய அரசு 2022இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை, 14416 என்னும் எண்ணில் தமிழிலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தயங்காது பயன்படுத்துமாறு வேண்டுகிறோம்.