தற்கொலை எண்ணம்: கைப்பேசியில் ஒரு துணை

புது தில்லி: தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் நாட்டில் தற்கொலையால் உயிரிழந்தோர் 1,70,924 பேர். அவ்வாண்டு அக்டோபர் 10-ஆம் தேதி, உலக மனநல நாளன்று, மத்திய அரசு 'டெலி மானஸ்' சேவையைத் தொடங்கியது. தமிழ் உள்பட 20 மொழிகளில், 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

2024 அக்டோபரில் இதற்கான செயலியும் வெளியிடப்பட்டது. மன உளைச்சலின் அறிகுறிகளை ஒருவர் தாமே இனங்கண்டு, தம்மைத் தேற்றிக்கொள்ளும் வழிகளை அது சொல்லித் தருகிறது. யாரிடமும் வாய்திறக்கக் கூசுவோருக்கு இது பெரும் ஆறுதல். ஆனால், நெருக்கடி முற்றிய வேளையில் குறிப்புகள் போதா. மறுமுனையில் மனிதக் குரல் வேண்டும்.

அந்தக் கூச்சத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். முயன்றவரைச் சிறைக்கு அனுப்ப வழிசெய்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, ஆங்கிலேயர் விட்டுச்சென்றது. கடும் மன அழுத்தத்தில் முயன்றவரைத் தண்டிக்கலாகாது என 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறிய பிறகும், அப்பிரிவு 2024 ஜூன் வரை ஏட்டில் நீடித்தது. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது இல்லை. எனினும், அரசு ஊழியரைப் பணியவைக்கும் நோக்குடன் முயல்வோருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது 226-ஆவது பிரிவு. உண்ணாவிரதம் அரசியல் ஆயுதமாக இருக்கும் நாட்டில், அது யார்மீது பாயும் என்ற கேள்வி எழாமல் இல்லை.