மீண்டும் ஒரு முறை ‘நீட்’ எழுதலாமா?
பெங்களூர்த் தமிழ்ப் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்காத பிள்ளை இன்னும் ஒரு வருடம் வீட்டில் இருந்து, மறுபடியும் நுழைவுத் தேர்வு எழுதலாமா? அல்லது கிடைத்த படிப்பில் சேர்ந்துவிடலாமா?

ஆண்டுதோறும் ‘நீட்’ முடிவு வந்ததும் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் இதே பேச்சுதான். மாரிக்குப்பத்திலிருந்து காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வரும் தங்கவயல் தகப்பன்மார்களும் இதைத்தான் பேசிக்கொண்டு வருகிறார்கள்.

“எழுதட்டும் சார், ஒரு வருடம்தானே!” என்பார் ஒருவர். “ஒன்று இரண்டாகும், இரண்டு மூன்றாகும்” என்பார் பக்கத்தில் இருப்பவர். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆகவே ஆசையையும் பயத்தையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்குப் பார்ப்போம்.

கதவு திறந்திருக்கிறது

நீட் தேர்வை இத்தனை தடவைதான் எழுதலாம் என்ற வரம்பு கிடையாது. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைய வேண்டும்; அவ்வளவுதான். மேல் வயது வரம்பு 2022-ல் நீக்கப்பட்டுவிட்டது. அறுபது வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தேர்வெழுதித் தகுதி பெற்று, அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நடந்த கலந்தாய்வுக்கே வந்துவிட்டார். பிறகு, அந்த இடம் ஓர் இளைய மாணவருக்குப் போகட்டும் என்று விட்டுக்கொடுத்தார்.

கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் உள்ளே இடம் குறைவு. 2025-ம் ஆண்டு 22 லட்சம் பேர் தேர்வு எழுதினார்கள். 12 லட்சத்து 36 ஆயிரம் பேர் தகுதி பெற்றார்கள். நாடு முழுவதும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒன்றேகால் லட்சத்தை ஒட்டித்தான். அதிலும் ஏறக்குறைய பாதிதான் அரசுக் கல்லூரிகளில். தகுதி வேறு, இடம் வேறு என்பதைப் பெற்றோர் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மார்க் அல்ல, ராங்க்!

“போன தடவை 480, இந்தத் தடவை 540 வாங்கினால் போதும்” என்று திட்டம் போடுகிறார்கள். இது சரியான கணக்கு அல்ல. 2024-ல் 600 மார்க் வாங்கியவருக்கு முன்னால் பல பத்தாயிரம் பேர் நின்றார்கள். 2025-ல் வினாத்தாள் கடினம்; அதே 600-க்கு மேல் வாங்கியவர்கள் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் பேர்தான். முதலிடம் பெற்றவரே 686-தான் வாங்கினார். ஆகவே ஆண்டுக்கு ஆண்டு மார்க்கை ஒப்பிடுவதில் பயன் இல்லை. ராங்க் எவ்வளவு பின்னால் இருந்தது, தங்கள் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் ராங்க் எவ்வளவு என்பதைப் பாருங்கள். தூரம் எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும்.

இடம் கிடைக்காத ஆண்டின் விடைத்தாள் நகலையும் சரியான விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவசியம். 180 கேள்விகளில் உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. சரியான விடைக்கு 4 மார்க். தவறானதற்கு ஒரு மார்க் கழிவு. தெரியாததைக் குருட்டாம்போக்கில் குறித்து இழந்தது எவ்வளவு? நேரம் போதாமல் விட்டது எவ்வளவு? பாடமே புரியாமல் போனது எவ்வளவு? முதல் இரண்டு குறைகளையும் ஒரு வருடப் பயிற்சியில் சரிசெய்ய முடியும். மூன்றாவதற்கு அதே வகுப்பும் அதே நோட்டுகளும் போதாது. கற்பிக்கும் முறையே மாற வேண்டும்.

என்னுடன் வேலை பார்க்கும் நண்பரின் மகளுக்கு முதல் தடவை இயற்பியல்தான் காலை வாரியது. இரண்டாவது வருடத்தில் பாதி நேரத்தை அதற்கே ஒதுக்கினாள். இடம் கிடைத்தது. இன்னொரு நண்பரின் மகன் மூன்று வருடமும் ஒரே விடுதி, ஒரே பயிற்சி வகுப்பு என்று இருந்தான். ராங்க் நகரவில்லை. நண்பரின் சேமநிதிக் கடன்தான் ஏறியது. இப்போது பிசியோதெரபி படிக்கிறான், நன்றாகவே படிக்கிறான். அதை முதல் வருடமே செய்திருக்கலாமே என்பதுதான் தகப்பனாரின் வருத்தம்.

813 பேரும் 750 பேரும்

மறுபடி எழுதுவதா வேண்டாமா என்ற கேள்வி 2024-ம் ஆண்டு ஒரே நாளில் 1,563 பேர் முன்னால் வந்து நின்றது. தேர்வு மையத்தில் நேரம் வீணானதற்காக அவர்களுக்குக் கருணை மார்க் தரப்பட்டிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. ஜூன் 13-ந் தேதி அந்தக் கருணை மார்க் ரத்தானது. உள்ள மார்க்கோடு திருப்தி அடையலாம், அல்லது ஜூன் 23-ந் தேதி மறுதேர்வு எழுதலாம் என்று சொல்லப்பட்டது. யோசிக்கவும் படிக்கவும் பத்தே நாள்!

813 பேர் எழுதினார்கள். 750 பேர் எழுதவில்லை. முதலில் கருணை மார்க்கோடு 720-க்கு 720 வாங்கியிருந்தவர்களில் ஒருவர்கூட மறுதேர்வில் அதை எட்டவில்லை. ஒரே இழப்புக்கு ஆளானவர்கள் ஏறக்குறைய பாதிக்குப் பாதியாகப் பிரிந்து நின்றார்கள். எல்லோருக்கும் பொருந்தும் விடை ஒன்று கிடையாது என்பதற்கு இதுவே சான்று.

எந்த மாநிலத்துப் பிள்ளை?

வெளிமாநிலத் தமிழர்களான நமக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலும் இருக்கிறது. மாநில அரசுக் கல்லூரிகளில் 15 சதவீத இடம் அகில இந்திய ஒதுக்கீடு. மீதி 85 சதவீதம் அந்தந்த மாநிலத்தாருக்கு.

கர்நாடக ஒதுக்கீட்டைப் பெறும் பொதுவான வழி, ஒன்றாம் வகுப்பு முதல் இரண்டாம் பி.யு.சி. வரை குறைந்தது ஏழு ஆண்டு இங்கே படித்திருப்பது. எஸ்.எஸ்.எல்.சி. அல்லது பி.யு.சி.யை இங்கே தேறியிருக்கவும் வேண்டும். பிள்ளையைச் சேலம், நாமக்கல் விடுதிப் பள்ளிகளில் படிக்க வைத்தவர்கள் இந்த ஏழு ஆண்டுக் கணக்கை விரல் விட்டு எண்ணிப் பார்ப்பது நல்லது. மாற்றலாகி வரும் மத்திய அரசு ஊழியர்களுக்குத் தனி விதி உண்டு. அந்தந்த ஆண்டு விதிமுறைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுப் பூர்வீகத்தைக் காட்டி அங்கே விண்ணப்பிக்க நேட்டிவிட்டி சான்றிதழ் வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு மாநிலங்களிலும் பூர்வீகம் கோர முடியாது. தமிழ்நாட்டில் 2020-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்குள்ள அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கே உரியது. பெங்களூரில் படித்த பிள்ளைக்கு அது உதவாது.

சாதிச் சான்றிலும் கவனம் தேவை. ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலில் உள்ள சமூகத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர், தகப்பனாரின் வேலை காரணமாகப் பம்பாய் சென்று, அங்கே மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீடு கேட்டார். மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு என்று பெயர் பெற்ற அதில், சொந்த மாநிலத்துச் சலுகையைக் குடிபெயர்ந்த மாநிலத்தில் கோர முடியாது என்று 1990-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. இந்தச் சான்றுகளின் நிலையைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வருடத்தைச் செலவிடுவது, எந்த ஊருக்கு டிக்கெட் என்று பார்க்காமல் ரயில் ஏறுவது போல.

முடிவுக்கு முன்...

மறுபடி எழுதுவது என்றால், இத்தனை தடவையோடு சரி என்று முதலிலேயே வரம்பு கட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கடைசித் தடவைக்குப் பின் சேர வேண்டிய படிப்பையும் இப்போதே தேர்ந்தெடுத்து வையுங்கள். பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், நர்சிங், பிசியோதெரபி ஆகியவையும் மரியாதையான படிப்புகளே. அகில இந்தியக் கலந்தாய்வின் கடைசிச் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராமல் போனால் அடுத்த ஆண்டுத் தேர்வுக்கே தடை வரும் என்பதும் நினைவிருக்கட்டும். நீட்டும் வேண்டாம், கலந்தாய்வும் வேண்டாம், பணம் கொடுத்தால் சீட் வாங்கித் தருகிறேன் என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தனியார் கல்லூரி இடங்களுக்கும் நீட்டும் கலந்தாய்வும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, “நான் மறுபடி எழுதுகிறேன்” என்ற சொல் பிள்ளையின் வாயிலிருந்து வர வேண்டும். அந்த ஒரு வருடம் விடியற்காலையில் எழுந்து புத்தகத்தின் முன் உட்காரப் போவது தகப்பனாரும் அல்ல, தாயாரும் அல்ல. பிள்ளை தயங்கினால் அந்தத் தயக்கத்தைத் திட்டாமல் கேளுங்கள். எந்த இடத்தில் தவறியது, இந்த வருடம் எதை மாற்றப் போகிறேன் என்று அதுவே தெளிவாகச் சொன்னால், தைரியமாக எழுத விடுங்கள்.