வீட்டைவிட்டுச் செல்லவிருக்கும் மகனுக்கு எதைக் கொடுக்கிறோம்?



மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் அழைத்தனர். கதிரவன் எழும் கரை ஒன்று. படும் கரை மற்றொன்று. இவ்விரு கரைகளிலும் வாழும் குடும்பங்களிடையே பரவலான ஒரு வழக்கம் உண்டு. வீடு மகளுக்குரியது. அவளுடைய திருமணத்தை மனத்திற்கொண்டே தாயும் தந்தையும் ஆண்டுக்கணக்கில் உழைத்து, ஒவ்வொரு கல்லாக அடுக்கி ஒரு வீட்டை எழுப்புகின்றனர். மகனோ திருமணமானதும் தன் உடைமைகளை எடுத்துக்கொண்டு மனைவியின் வீட்டுக்குச் சென்றுவிடுகிறான்.

கணவன் தன் தாய் தந்தையை விட்டுத் தன் மனைவியுடன் ஒன்றித்திருப்பான் என்று தொடக்கநூல் கூறுகிறது (தொ.நூ. 2:24). வேறு பல ஊர்களில் இது திருமணத் திருப்பலியில் வாசிக்கப்படும் ஒரு வாசகம் மாத்திரமே. நம் பகுதியிலோ இது சொல்லுக்குச் சொல் நடைமுறையாகி நிற்கிறது.

ஆகவே ஆண்மக்களைப் பெற்ற பெற்றோரிடம் ஒரு வினாவை எழுப்ப விரும்புகிறேன். மகளுக்குச் சுவரும் கூரையும் கொடுக்கிறீர்கள். வீட்டைவிட்டுச் செல்லவிருக்கும் மகனுக்கு எதைக் கொடுக்கிறீர்கள்? மாமனார் கட்டிய வீட்டின் வாசற்படியை அவன் மிதிக்கும்போது, தன்னோடு கொண்டுசெல்வது பிறந்த வீட்டில் கற்ற பாடத்தையே. அப்பாடம் நல்லதாயின் அங்கே ஒரு பெண்ணின் வாழ்வு மலரும். தீயதாயின், அவளுடைய பெற்றோர் வாழ்நாளெல்லாம் உழைத்துக் கட்டிய வீடு சில மாதங்களிலேயே கண்ணீரின் இல்லமாகிவிடும்.

நாசரேத்து எனும் பள்ளி

திருத்தந்தை ஆறாம் பவுல் 1964ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் திகதி நாசரேத்துக்குச் சென்றபோது, அவ்வூரை ஒரு பள்ளிக்கூடமாகவே கண்டு உரையாற்றினார். மௌனத்தையும், குடும்ப வாழ்வையும், உழைப்பையும் அங்கே கற்கலாம் என்பது அவருடைய சிந்தனை. இயேசு தம் வாழ்வின் மிகப் பெரும் பகுதியை அந்தப் பள்ளியிலேயே கழித்தார். அங்கு அவருக்கு ஆசிரியராக இருந்தவர் சூசையப்பர். நற்செய்தி நூல்கள் நான்கிலும் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்லேனும் பதிவாகவில்லை. ஆயினும் மக்கள் இயேசுவைத் 'தச்சரின் மகன்' என்றனர், 'தச்சர்' என்றும் அழைத்தனர் (மத். 13:55, மாற். 6:3). தந்தையின் கைத்தொழில் மகனின் கைகளுக்கு வந்திருந்தது. வாய்ச்சொல்லால் மாத்திரம் வருவதன்று அது. அருகில் நின்று, பார்த்து, பிழைவிட்டு, மீண்டும் செய்து வருவது.

பிள்ளைகளுக்கு வீட்டில் இருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் இறைவனின் கட்டளைகளை எடுத்துரைக்குமாறு இணைச்சட்டநூல் பணிக்கிறது (இ.ச. 6:7). இந்தப் பட்டியலைச் சற்று உற்று நோக்குங்கள். இதில் வகுப்பறை இல்லை; மணியோசை இல்லை; சாதாரண ஒரு நாளின் நேரங்களே உள்ளன. 1965ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் திகதி வெளியிடப்பட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில், இரண்டாம் வத்திக்கான் சங்கமும் பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர்கள் என்று தெளிவாக உரைத்தது.

பாடசாலைகள் மூடப்பட்டிருந்த நாட்கள்

இவ்வுண்மையை அண்மைய ஆண்டுகளின் துயரங்கள் நமக்கு மீண்டும் நினைவூட்டின. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று, நம் நகரின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பை முடித்து வெளியே வந்து நின்ற சிறுவர் சிறுமியர் பலர் அங்கே உயிரிழந்தனர். அடுத்த ஞாயிறு நாடெங்கும் ஆலயக் கதவுகள் மூடியிருக்க, கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் நிறைவேற்றிய திருப்பலியைக் குடும்பங்கள் தொலைக்காட்சியில் கண்டன. வீட்டின் முன்கூடம் ஆலயமாயிற்று.

ஓராண்டு கடப்பதற்குள் அதே முன்கூடம் பாடசாலையும் ஆயிற்று. கொவிட் பெருந்தொற்றினால் 2020ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் திகதி முதல் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறந்தும் மூடியும், 2021 ஒக்டோபர் மாதத்திலேயே அவை படிப்படியாக மீளத் தொடங்கின. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது மறுபடியும் மூடப்பட்டன. கைத்தொலைபேசி உள்ள வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கருவி. இல்லாத வீட்டில் பக்கத்து வீட்டாரின் தயவு. படுவான்கரையின் உட்கிராமங்களில் அலைவரிசை கிடைக்கும் இடத்தைத் தேடி அலைய வேண்டியிருந்தது.

அந்நாட்களில் இழந்தவை ஏராளம். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கவேண்டிய வயதுச் சிறுவர்கள் பின்தங்கினர். தொழிலுக்குப் போன மூத்த சிறுவர்கள் சிலர் பாடசாலைக்குத் திரும்பவேயில்லை. எனினும் சில வீடுகளில் வேறொன்றும் நிகழ்ந்தது. தந்தையோடு தோணியில் போன சிறுவன் காற்றின் திசையறிந்தான். வலையின் கிழிசலைக் கட்டப் பழகினான். வயலுக்குப் போனவன் ஓர் ஏக்கருக்கு எவ்வளவு விதைநெல் வேண்டும் என்று கணக்கிட்டான். தாயின் அருகிலிருந்தவன் மூன்று சுண்டு அரிசியில் ஐந்து பேர் பசியாறுவது எவ்வாறு என்பதைக் கண்டான். கணிதமும் அறிவியலும் பொருளியலும் அதற்குள் அடங்கியிருந்தன.

பாடசாலையே வேண்டாம் என்று கூற நான் வரவில்லை. அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டளவில் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டபூர்வமாயிற்று. ஜேர்மனியோ அதை அனுமதிப்பதில்லை. நம் நாட்டில் 5 முதல் 14 வயது வரை கல்வி கட்டாயம் என்ற ஒழுங்குவிதி 1997இல் கொண்டுவரப்பட்டு, 2016இல் 16 வயது வரை நீட்டிக்கப்பட்டது. வறிய வீட்டுப் பிள்ளையைக் காத்துநிற்கும் வேலி அது. ஆனால் பாடசாலை மூடியிருந்தபோது மாத்திரம் வீட்டில் நடந்த கல்வி, பாடசாலை திறந்ததும் நின்றுபோனது ஏன்? இன்று சிறுவன் பாடசாலை விட்டு வருகிறான். சீருடையை மாற்றி ரியூசன் வகுப்புக்கு ஓடுகிறான். இருட்டிய பின் வந்து உண்டு உறங்குகிறான். வீடு அவனுக்கு உணவகமாகவும் தங்குமிடமாகவும் மாத்திரம் ஆகிவிட்டதல்லவா?

கற்பிக்கப்படாத தந்தையர்

இங்கே தந்தையரின் நிலையை நாம் பரிவோடு நோக்கவேண்டும். இன்று சிறு ஆண்மக்களைக் கொண்டுள்ள தந்தையருள் பலர், கிழக்கில் போர் நிகழ்ந்த காலத்தில் சிறுவர்களாக இருந்தவர்கள். 1990ஆம் ஆண்டில் எத்தனையோ வீடுகளிலிருந்து தந்தையர் கூட்டிச்செல்லப்பட்டனர், திரும்பி வரவில்லை. 2007இல் இங்கு போர் ஓயும்வரை, ஆண்பிள்ளையை உயிரோடு காப்பதே தாயின் ஒரே வேலையாக இருந்தது. இடையில் 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் வாரிச் சென்றது. தந்தை என்பவர் மகனோடு எப்படி இருப்பார் என்பதைப் பார்த்து வளரும் பேறு இவர்களுள் பலருக்குக் கிட்டவில்லை. பார்க்காத ஒன்றை எவ்வாறு செய்வது? ஆகவே சிலர் மௌனமாகின்றனர். சிலர் கையை ஓங்குகின்றனர். சிலர் மதுவுக்குள் ஒளிந்துகொள்கின்றனர்.

இன்னும் சிலர் கட்டாரிலும் குவைத்திலும் உழைக்கின்றனர். தாய்மாரும் செல்கின்றனர். சிறு குழந்தைகளையுடைய தாய்மார் வெளிநாட்டு வேலைக்குச் செல்வதைக் கட்டுப்படுத்த 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டது. ஐந்து வயதாக இருந்த எல்லை, பொருளாதார நெருக்கடியின்போது 2022இல் இரண்டு வயதாகக் குறைக்கப்பட்டது. வறுமை குடும்பத்தைப் பிரிக்கும்போது பிரிந்தவர்மீது பழி சுமத்துவது நீதியாகாது. தொலைவிலிருக்கும் தந்தையும் மகனுக்குக் கற்பிக்கலாம். ஆனால் தொலைபேசியில் அவர் கேட்கும் முதற் கேள்வி "எத்தனை புள்ளி?" என்பதாக இருக்கவேண்டாம். "இன்றைக்கு யாருக்கு உதவி செய்தாய், மனே?" என்பதாக இருக்கட்டும்.

நம் வாவியில் நிலவு நாளின் இரவுகளில் தோணியில் சென்று, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் இறக்கி, மறுமுனையைக் காதில் வைத்து மீன்களின் இசையைக் கேட்பது பழைய வழக்கம். இங்கு பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் அவ்வொலியைக் கருவியில் பதிவுசெய்து உலகறியச் செய்தார். பேசிக்கொண்டே இருப்பவருக்கு அந்த இசை கேட்பதில்லை. தோணியை நிறுத்தி, துடுப்பு வலிப்பதை விட்டு, அமைதியாகக் காத்திருக்கவேண்டும். பத்து வயது மகனின் உள்ளமும் அத்தகையதே.

எந்தப் படிகளைக் கொண்டாடுகிறோம்?

மகள் பெரியபிள்ளையானதும் உறவினர் கூடுகின்றனர்; அவள் வளர்ந்துவிட்டாள் என்பதை ஊரறியச் செய்கின்றனர். தமிழ் வீடுகளில் மகனுக்கு அவ்வாறான ஒரு நாள் இல்லை. அவன் குரல் மாறுகிறது, மீசை அரும்புகிறது, எவரும் அதைப் பற்றி அவனோடு பேசுவதில்லை. இந்த வெற்றிடத்தை இன்று நிரப்பியிருப்பது ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறார் எழுதும் இப்பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவனுக்குப் பதாகையும் மாலையும். ஒரு புள்ளியால் தவறியவனுக்கு மூடிய கதவும் தாயின் அழுகையும். பத்து வயதிலேயே தான் தோற்றவன் என்று நம்பத் தொடங்கும் சிறுவன், பதினாறு வயதில் தன்னைப் பாராட்டும் எவர் பின்னாலும் போவான். அவர்கள் கையில் போதைப்பொருள் இருந்தாலும் போவான்.

திருக்குடும்பம் தன் மகனின் வளர்ச்சிப் படிகளை எவ்வாறு கொண்டாடியது? எட்டாம் நாளில் பெயரிட்டனர். பின்னர் ஆலயத்தில் அர்ப்பணித்தபோது, ஆட்டுக்குட்டிக்கு வசதியற்ற ஏழைகளுக்கென விதிக்கப்பட்ட காணிக்கையாகிய இரு பறவைகளையே செலுத்தினர் (லூக். 2:24, லேவி. 12:8). ஊரார் என்ன நினைப்பார்களோ என்று கடன்பட்டு ஆடு வாங்கவில்லை. முதலாவது பிறந்தநாளுக்கு மண்டபமும் நிழற்படக் கலைஞரும் அமர்த்தி, ஆண்டு முழுவதும் நுண்கடன் தவணைக்கு அஞ்சி ஒளியும் குடும்பங்கள் இதைச் சிந்திக்கட்டும்.

பன்னிரண்டாம் வயதில் இயேசுவை எருசலேமுக்கு அழைத்துச் சென்றனர். மூன்று நாட்கள் காணாமல் தேடிய பின் கண்டெடுத்தபோது, மரியன்னை முதலில் தன் வேதனையைக் கூறிக் காரணம் வினவினார். மகன் மறுமொழி கூறினார். அது பெற்றோருக்கு விளங்கவில்லை. ஆயினும் அன்னை அதைத் தள்ளிவிடாமல் உள்ளத்தில் இருத்திக்கொண்டார். பிள்ளையோ வீடு திரும்பிப் பணிந்து நடந்தார் (லூக். 2:41-52). கேட்கும் தாயும், பதில் கூறத் துணியும் மகனும் உள்ள வீட்டிலேயே ஞானம் வளர்கிறது.

திருச்சபையும் இதனை வலியுறுத்துகிறது. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1910ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் திகதி வெளியிட்ட ஆணையினால், முதல் நற்கருணை பெறும் வயது ஏறக்குறைய ஏழாகக் குறைந்தது. பிள்ளை அதற்கு ஆயத்தமாகிவிட்டதா என்று தீர்மானிக்கும் பொறுப்பை அவ்வாணை தந்தைக்கும் ஒப்புரவு அருட்சாதனக் குருவுக்கும் சேர்த்தே அளித்தது. தந்தைமாரே, உங்கள் மகனின் முதல் நன்மை நாளில் புது வெள்ளை உடுப்பு வாங்குவதோடு உங்கள் பங்கு முடிவதில்லை. அவன் உள்ளத்தை அறிந்து சாட்சி கூறவேண்டியவரும் நீங்களே.

இந்த வாரமே தொடங்குங்கள்

பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு மாலை ரியூசனிலிருந்து மகனை மீட்டெடுங்கள். அந்த மாலையில் தந்தை தனக்குத் தெரிந்த ஒரு வேலையை அவனோடு சேர்ந்து செய்யட்டும்: வலை கட்டுதல், துவிச்சக்கரவண்டி பழுதுபார்த்தல், வேலி அடைத்தல் எதுவாயினும் சரி. தாய் அவனைச் சமையலறைக்குள் அழைக்கட்டும். ஆண்பிள்ளை அடுப்பங்கரைக்கு வரலாகாது என்று கூறி வளர்க்கப்பட்டவன், நாளை மனைவி காய்ச்சலில் கிடக்கும்போதும் உணவு கேட்டுச் சினப்பான். தந்தையை இழந்த வீடுகளில் மாமனோ, பாட்டனோ, பங்கின் மூத்தவர் ஒருவரோ அவனருகில் அமரட்டும்.

அவனுடைய வளர்ச்சிப் படிகளையும் கவனியுங்கள். தண்டனை கிடைக்கும் என்று அறிந்தும் முதன்முறையாக உண்மை பேசிய நாள். முதலில் பிடித்த மீனை விற்ற காசைத் தங்கைக்குக் கொப்பி வாங்கக் கொடுத்த நாள். தோல்வியுற்ற நண்பனின் தோளில் கைபோட்டு நடந்த நாள். அன்று வீட்டில் ஒரு பானை புக்கை பொங்கட்டும். மண்டபம் வேண்டாம், பதாகை வேண்டாம். தந்தையும் தாயும் அவன் நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு, எதற்காக மகிழ்கிறோம் என்பதை அவன் செவிபடச் சொல்லட்டும். புலமைப்பரிசில் பெறுபேறு வரும் நாளிலும், புள்ளி எதுவாயினும், அதே பானை அடுப்பில் ஏறட்டும்.

வீடு மகளுக்கே ஆகட்டும். மகனுக்குப் பொறுமையையும், உழைக்கும் கரங்களையும், மன்னிப்புக் கேட்கத் தயங்காத நாவையும், செபிக்கத் தெரிந்த உள்ளத்தையும் கொடுத்தனுப்புவோம். அவன் எந்தக் கரையில் குடியேறினாலும், அங்கே ஒரு பெண்ணும் அவள் பெற்றோரும் நமக்காக இறைவனுக்கு நன்றி கூறுவர். நாசரேத்தின் சூசையப்பர் நம் தந்தையருக்குத் துணைநிற்பாராக.